தோயாமல் வாங்கோ

கனடாவில், மோர்னிங்சைட்டில், ஒரு ரேக் அவுட் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது றீற்றாவின் சலூன். கண்ணாடியில் இரண்டு அறிவித்தல்கள். ஒன்று ஆங்கிலத்தில்: கடை திறக்கும் நேரம், மூடும் நேரம். மற்றதைத் தமிழில், தடித்த கறுப்புப் பேனையால், அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள்: "றிலாக்சர் போட வருகிறவர்கள் ஒரு கிழமைக்குத் தலை தோயாமல் வரவும். தோய்ந்து, பேன்சீப்பால் வாரிக்கொண்டு வந்தால் செய்யப்படமாட்டாது. கெஞ்சினாலும் செய்யப்படமாட்டாது."

அந்தக் கடைசி வரி பிறகு சேர்த்தது. மையின் நிறம் வேறு.

இதற்காக அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்துக் கடையில் கொத்துரொட்டிக்குக் காத்து நின்ற ஒரு பெரிய மனிதர், வேலைவெட்டி இல்லாமல், அதைப் படம் பிடித்து "குளிக்காத பெண்களுக்கு மட்டும்" என்று எழுதி வட்ஸ்அப்பில் விட்டார். அது லண்டனுக்குப் போய், பாரிசுக்குப் போய், சிரித்துக் கண்ணீர் வழிகிற ஆறு முகங்களோடு திரும்பி றீற்றாவின் போனுக்கே வந்து சேர்ந்தது. றீற்றா விடுவாளா? அடுத்த முறை அந்த மனிதர் கொத்துக்கு வந்தபோது, கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே போனாள். "அண்ணை, உங்கட மண்டைக்கு நான் ஒண்டும் செய்யேலாது. நீங்கள் தோய்ஞ்சாலும் சரி, தோயாட்டிலும் சரி" என்று பிளாசா முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். விசயம் என்னவென்றால், சுருட்டையை நேராக்கப் பூசுகிற றிலாக்சர் என்பது சும்மா கிறீம் இல்லை, சுண்ணாம்பு மாதிரிக் காரம். இறுகிச் சுருண்ட மயிரின் உள்கட்டையே அவிழ்க்கிற காரம். கொஞ்ச நிமிடம் வைத்துக் கழுவினால் சுருள் இளகும். இன்னும் வைத்தால் நேராகும். அதற்கும் மேலே வைத்தால் மயிரும் போகும், தோலும் போகும். தோயாத தலையில் தானாக ஊறியிருக்கும் எண்ணெய்ப்பசைதான் தோலுக்குக் காவல். எங்கள் பெண்களோ, பிறத்தியாரிடம் தலையைக் கொடுக்கப் போவதென்றால், அன்று காலையில்தான் தேசிக்காய் தேய்த்து, நகத்தால் பறாண்டித் தோய்ந்து, பேன்சீப்பால் இழுத்து இழுத்து வாரி, பளிச்சென்று வந்து கதிரையில் இருப்பார்கள். ஊத்தைத் தலையோடு போனால் கடைக்காரி என்ன நினைப்பாள் என்ற மரியாதை. அந்த மரியாதையால் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கீறல். கீறலுக்கு மேலே காரம். நினைத்தாலே றீற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் உவளுக்கு இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்கள், அவளுடைய இடது காதுக்குப் பின்னால் பார்த்ததில்லை. போன ஓகஸ்ட் வரைக்கும், இருபத்தைந்து வருடமாக, அவள் ஒருவரையும் பார்க்க விட்டதில்லை.

றீற்றா பேசாலையில் பிறந்தவள். பிறக்கும்போதே தலையில் சுருட்டை. அலை அலையாக இறங்குகிற, பார்த்தவர்கள் "நல்ல வடிவு" என்று சொல்கிற சுருட்டை இல்லை. பேனைக்குள் இருக்கிற ஸ்பிறிங் மாதிரி, இழுத்தால் தோள்வரை வந்து, விட்டால் காதுக்கு மேலே ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சுருட்டை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் தும்புத்தடி. வீடு கூட்டுகிற தும்புத்தடி! பெயர்ப்பதிவு எடுக்கிற ரீச்சரே ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டுச் சிரித்தாள். பிள்ளைகள் சிரித்ததை றீற்றா எப்போதோ மறந்துவிட்டாள். அந்த ரீச்சருடைய பல் இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம்.

இருபத்தாறு வயதில் கனடாவில் அவளுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை பஸ்ரியன், ஊர்காவற்றுறைக் குடும்பம், ரக் லொறி ஓடுகிறவர், சாந்தமானவர். அவருடைய அக்கா அருள்நாயகி சாந்தமானவள் இல்லை. தம்பிமாரை ஒவ்வொருவராகக் கனடாவுக்கு எடுப்பித்தவள் அவள். அந்தக் குடும்பத்தில் ஒரு தட்டு வாங்குவதானாலும் அவளைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். கலியாணத்துக்கு நாலு நாளுக்கு முன் றீற்றாவைத் தன் அபார்ட்மென்ற்றுக்குக் கூப்பிட்டாள். போட்டோவிலே தலை பொம்மென்று நிற்கும், பார்க்கிற சனம் என்ன சொல்லும், நான் நேராக்கித் தாறன், நீ வடிவாய்த் தோய்ஞ்சு போட்டு வா என்றாள்.

றீற்றா வடிவாய்த் தோய்ந்துவிட்டுப் போனாள். புதுச் சம்பந்தம் அல்லவா, குறை சொல்லக் கூடாதே என்று இரண்டு தரம் தோய்ந்தாள்.

மருந்துக் கடையில் வாங்கிய பெட்டி. பெட்டியில் சிரிக்கிற ஒரு கறுப்புப் பெண். உள்ளே இருந்த வழிமுறைத் தாளைக் குசினி மேசையில் விரித்து, அதன் மேலே கிண்ணத்தை வைத்து மருந்தைக் குழைத்தாள் அருள்நாயகி. வாசிப்பதற்கு அந்தத் தாள் பயன்பட்டதென்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். பதினைந்து நிமிடத்துக்கு மேலே வைக்கக் கூடாத மருந்து றீற்றாவின் தலையில் நாற்பது நிமிடம் இருந்தது. "எரியுது மச்சாள்" என்றபோது அருள்நாயகி சொன்ன வார்த்தையைத்தான் றீற்றா பிறகு எத்தனையோ வாய்களில் கேட்டு எத்தனையோ பேரோடு சண்டை பிடித்திருக்கிறாள்:

"எரிஞ்சால்தான் பிடிக்கும்."

தலையைக் கழுவும்போது காதுக்குப் பின்னால் ஒரு பிடி மயிர் தோலோடு வந்தது. அருள்நாயகி அதைத் தொட்டி ஓட்டைக்குள் தள்ளிவிட்டு, "கொஞ்சம் பொங்கியிருக்கு, வஸலினைப் பூசு. மாதா கோயிலுக்குத் தலையில வெள்ளை நெற் போடுவாய்தானே, ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். பிறகு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். கலியாணப் படத்தில் றீற்றா நேரான தலையோடும், நெற்றுக்குக் கீழே சீழ் பிடித்த புண்ணோடும் நிற்கிறாள். படம் நல்ல படம். எல்லோரும் சொன்னார்கள்.

புண் ஆறாமல் கெட்ட மணம் வரத் தொடங்கியபோதுதான் பயந்து வைத்தியம் பார்க்கப் போனாள். டொக்டர் மருந்து தந்தார். மிச்சத் தலையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வேலையிடத்தில் ஒருத்தி சொன்ன ஜமேக்காக்காரியின் சலூனுக்குப் போனாள். கடைக்காரி மிஸ் பேர்ள் தலையில் கட்டியிருந்த துவாயை விலக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, "யார் உனக்கு இதைச் செய்தது?" என்று கடை அதிரக் கேட்டாள்.

"நானேதான்" என்றாள் றீற்றா.

புதுக் குடும்பத்தைப் பிறத்தியாருக்கு முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாதென்று சொன்ன பொய். அந்தப் பொய்யை நினைக்கும்போது புண்ணை நினைப்பதைவிடக் கூடுதலாக அவளுக்கு எரியும். புண் ஆறியது. ஒரு இரண்டு டொலர் நாணயக் குற்றி அகலத்துக்கு, மயிரே முளைக்காத, வழுவழுவென்ற தழும்பு மட்டும் நின்றுவிட்டது. நேராக்கின மயிரெல்லாம் ஒடிந்து கொட்ட, கொட்ட, அடியில் பழைய சுருட்டை முளைத்து வந்தது. இந்த முறை வந்ததை அவள் தொடவில்லை. இடது பக்கமாகச் சரித்துக் கொண்டை போட்டுத் தழும்பை மூடிக்கொண்டாள்.

பிறகு கொலிஜில் படித்துச் சேர்ட்டிபிக்கற் எடுத்து, மற்றவர்களின் கடைகளில் பதின்மூன்று வருடம் நின்று, இந்தச் சலூனைத் திறந்தாள். அவள் றிலாக்சருக்கு எதிரி இல்லை. வேண்டுமென்று வருகிற பெண்ணுக்குப் போடுவாள். ஆனால் வந்தவளை முதலில் அரை மணித்தியாலம் இருத்திவைத்துக் கேள்வி கேட்பாள். உனக்கு வேண்டுமா, வேறு யாருக்காவது வேண்டுமா? போன முறை எப்போது போட்டாய்? இந்த மருந்துகளைப் பற்றி இப்போது டொக்டர்மார் என்னவெல்லாம் சொல்கிறார்கள், தெரியுமா? பிறகு ஒரு மயிரிழையில் போட்டுப் பார்ப்பாள். காது, நெற்றி, பிடரி எல்லாம் வஸலின் பூசுவாள். ரைமரைத் திருகி வைப்பாள். மணி அடிக்கும்வரை போன் வந்தாலும் எடுக்கமாட்டாள், மாதா நேரில் வந்தாலும் கதவு திறக்கமாட்டாள். அவளிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் கரிபியன் பெண்கள். "றீறா" என்பார்கள். உரிமையோடு வைவார்கள், உரிமையோடு பேச்சு வாங்குவார்கள்.

இவ்வளவையும் சொன்னது, போன ஓகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை நடந்ததைச் சொல்வதற்காக.

அருள்நாயகியின் மகன் யூட்சனுக்கு அந்தச் சனிக்கிழமை கலியாணம். பெண் ஸ்டெபனி, இங்கேயே பிறந்தவள், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. யூட்சன் தானாகப் பார்த்து விரும்பின பெண். றீற்றாவுக்கு அவளை முதல் தடவை கண்டபோதே பிடித்துப்போய்விட்டது. காரணம் வேறொன்றுமில்லை: பிள்ளையின் தலையில் அதே ஸ்பிறிங் சுருட்டை, அதை ஒளிக்காமல் விரித்துவிட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"பிள்ளைக்குக் கலியாணத்துக்குத் தலை பார்க்க வேணும், கூட்டிக்கொண்டு வாறன்" என்று அருள்நாயகி பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து போன் எடுத்தபோது, கொண்டை கட்டிப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று றீற்றா நினைத்தாள். பூவும் கிளிப்பும் எடுத்து வைத்தாள்.

வந்தார்கள். கடையில் அந்நேரம் மார்சியா என்ற பழைய வாடிக்கைக்காரி மட்டும், தலையில் கண்டிஷனர் பூசித் தொப்பி போட்டுக்கொண்டு இருந்தாள். அருள்நாயகி கதிரையில் ஸ்டெபனியை இருத்திவிட்டு, "நேராக்கி விடு றீற்றா. உனக்குச் செய்த மாதிரி" என்றாள்.

உனக்குச் செய்த மாதிரி! வாய் கூசவில்லை. றீற்றா பிள்ளையின் தலையில் கைவைத்தாள். மயிர் ஈரம். தேசிக்காய் வாசம். வகிடு பிரித்துப் பார்த்தாள். தோல் முழுக்கச் சிவந்து, வரிவரியாகக் கீறி, இரண்டு இடத்தில் மெல்லிசாக இரத்தம் காய்ந்திருந்தது.

"ஆர் பிள்ளை இப்பிடி வாரினது?"

"மாமிதான்" என்றாள் ஸ்டெபனி. "காலமை எங்கட வீட்டை வந்து தோய வாத்தவ. பேன்சீப்பு... இற் ஹேர்ட் எ லொட், அன்ரி."

"கடைக்குக் கூட்டிக்கொண்டு வாறதெண்டால் துப்புரவாய்த்தானே கூட்டிக்கொண்டு வரவேணும்" என்றாள் அருள்நாயகி. "வாசல்ல நீ என்ன கோதாரியை எழுதி ஒட்டினாலும், நாங்கள் தோயாமல் வருவமே?"

"மச்சாள், இண்டைக்கு இந்தத் தலையில மருந்து போடேலாது. தோல் எரிஞ்சு போம்."

"சனிக்கிழமை கலியாணம்."

"ஞாயிற்றுக்கிழமை எண்டாலும் போடேலாது. ஸ்டெபனி, உனக்கு வேணுமோ இது?"

பிள்ளை வாயைத் திறக்க முன் அருள்நாயகி முந்திக்கொண்டாள். "அவளிட்டை என்ன கேக்கிறாய்? படத்தில நிக்கப்போறது எங்கட குடும்பம். லண்டனால, ஜேர்மனியால சனம் வருது. உந்தத் தலையோட கோயிலுக்குள்ள வந்தால்..." என்று தொடங்கி, கறுப்பு மனிதர்களைச் சொல்ல எங்கள் ஊரில் வைத்திருக்கிற அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும். மார்சியா மூன்று அடி தள்ளி இருக்கிறாள்! அவளுக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவு. றீற்றாவுக்குக் காது இரண்டும் கொதித்தது.

"என்ர கடைக்குள்ள அந்தச் சொல் சொல்லாதேங்கோ" என்றாள்.

"சரி, சொல்லேல்லை. நீ மருந்தைப் போடு."

"போடமாட்டன்."

"போடாட்டிப் போ" என்றாள் அருள்நாயகி. கைப்பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். படம் புதிது, ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. "தெரிஞ்சுதான் வாங்கிக்கொண்டு வந்தனான். வீட்டை போய் நானே போட்டுவிடுறன். நீ என்ன பெரிய படிப்புப் படிச்சனி? உனக்கும் நான்தானே போட்டனான். கொஞ்சம் எரிஞ்சது, பொறுத்தாய், வடிவாய்ப் பிடிச்சது. எரிஞ்சால்தான் பிடிக்கும்."

ஸ்டெபனி கண்ணாடியில் றீற்றாவைப் பார்த்து, "இற்ஸ் ஓகே, அன்ரி" என்றாள் மெதுவாக. "நான் பொறுப்பன். ஒரு நாளைக்குத்தானே."

அதைத்தான் றீற்றாவால் தாங்க முடியவில்லை. அருள்நாயகி சொன்னதையெல்லாம் தாங்கியிருப்பாள். இருபத்தைந்து வருடம் தாங்கின உடம்பு அது. இந்தப் பிள்ளை, அதே குரலில், அதே "பொறுப்பன்" என்று சொன்னதும் அவளுக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் இன்று பின்னேரம் அஜக்ஸில் ஒரு குசினியில் இந்தத் தலை வேகப்போகிறது. கொண்டையில் இருந்த கிளிப்பைப் பிடுங்கினாள். மயிரை ஒரு பக்கமாக அள்ளித் தூக்கினாள். கதிரையைத் திருப்பி, இடது காதை ஸ்டெபனியின் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"பார் பிள்ளை. நல்லாப் பார். மச்சாள், நீங்களும் வந்து பாருங்கோ. பிடிச்சது எண்டு சொன்னீங்களே, இதுதான் பிடிச்சது."

மார்சியா தொப்பியோடு எழும்பி வந்து எட்டிப் பார்த்து, "ஓ, நோ, றீறா" என்றாள். அவளுக்குத் தமிழ் விளங்கவில்லை. அந்தத் தழும்பு விளங்கியது.

அருள்நாயகியின் முகம் ஒரு கணம் வெளிறியது. உடனே சமாளித்துக்கொண்டாள். "எரியுதெண்டு நீ சொல்லியிருக்க வேணும். வாயுக்குள்ள கொழுக்கட்டையே வச்சிருந்தனீ? நீ சொல்லேல்லையே!"

"மூண்டு தரம் சொன்னனான்" என்றாள் றீற்றா. "முதல்தரம் சொல்லேக்க நீங்கள் மண்டபக்காரனோட போனில நிண்டனீங்கள். கையைக் காட்டி இரு எண்டனீங்கள். ரெண்டாந்தரம் சொல்லேக்க, எரிஞ்சால்தான் பிடிக்கும் எண்டனீங்கள். மூண்டாந்தரம் கத்தினனான். பொம்பிளைப்பிள்ளை இப்பிடிக் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பினம் எண்டனீங்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மச்சாள். அண்டைக்கு நீங்கள் உடுத்தியிருந்த சட்டையின்ர பூக்கூட ஞாபகம் இருக்கு."

"இவ்வளவு காலமும் வச்சிருந்து, என்ர பிள்ளையின்ர கலியாணக் கிழமையில, கண்ட கண்ட ஆக்களுக்கு முன்னால என்னை அவமானப்படுத்துறாய். எழும்பு ஸ்டெபனி, போவம்."

ஸ்டெபனி எழும்பவில்லை. கையை நீட்டி மேசையில் இருந்த பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மாமி, நீங்கள் போங்கோ. யூட்சன் என்னை வந்து ஏத்துவார்" என்றாள். பிறகு றீற்றாவிடம், "அன்ரி, என்ர தலையை இப்பிடியே, இருக்கிற மாதிரியே, வடிவாச் செய்யேலுமா?" என்று கேட்டாள்.

"ஏலுமோ! நீ இருந்து பார்" என்றாள் றீற்றா.

அருள்நாயகி கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். அந்த அடியில் தமிழ் அறிவித்தலின் ஒரு மூலை கழன்று தொங்கியது. றீற்றா முதல் வேலையாகப் போய் அதை ஒட்டினாள்.

பின்னேரம் பஸ்ரியன் பிறம்ரனில் சாமான் இறக்குகிற இடத்திலிருந்து போன் எடுத்தார். அக்கா அழுகிறா என்றார். கலியாணக் கிழமையில் இதெல்லாம் தேவையா என்றார். பழைய கதைதானே என்றார்.

றீற்றா வெடித்தாள். "கொக்கா அழுறது அஜக்ஸில இருந்து பிறம்ரனுக்குக் கேக்குது, என்ன? நான் அண்டைக்குக் கத்தினது, அந்த அபார்ட்மென்ற்றில ஒரு குருவிக்கும் கேக்கேல்லை!"

அந்தப் பக்கம் சாமான் தூக்குகிற போர்க்லிப்ற் ஒன்று பின்னுக்கு வருகிற பீப் பீப் மட்டும் கேட்டது.

"கேட்டது றீற்றா" என்றார் பஸ்ரியன். "நான் ஹோலுக்குள்ளதான் இருந்தனான். பொம்பிளையளின்ர விசயம், நான் உள்ளுக்கு வரக்கூடாதெண்டு அக்கா சொன்னவ."

இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் படுத்து எழும்பி, ஒரே சட்டியில் சாப்பிட்ட மனிதர். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், சோபாவில். அவள் போனை வைத்தாள். சனிக்கிழமை கோயிலுக்கு இருவரும் ஒரே காரில்தான் போனார்கள். றீற்றா பின் சீற்றில் இருந்தாள்.

ஸ்டெபனியின் தலையை விடியக் காலையில் போய் அவளே செய்தாள். சுருளை ஒவ்வொன்றாக விரலில் சுற்றி எடுத்து, உச்சியில் கூட்டிக் கட்டி, நடுநடுவே வெள்ளைப் பூ வைத்து, அதன் கீழே நெற்றைக் குத்தினாள். கோயிலில் சனம் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தார்கள். யூட்சன் பார்த்த பார்வை மட்டும் வேறு, அதைப் படத்தில் இப்போதும் காணலாம்.

அன்றைக்கு றீற்றாவும் தன் கொண்டையை மேலே தூக்கிப் போட்டிருந்தாள். இரண்டு காதும் பளிச்சென்று வெளியே. மண்டபத்தில் சோறு போட்டுக்கொண்டு நிற்கும்போது ஜேர்மனியிலிருந்து வந்த ஒருத்தி கேட்டாள்: "என்ன றீற்றா, காதுக்குப் பின்னால என்ன காயம்?"

"றிலாக்சர்" என்றாள் றீற்றா. "என்ர கலியாணத்துக்கு மச்சாள் போட்டுவிட்டவ. கோழிக்கறி போடட்டோ?"

பன்னிரண்டு பேர் கேட்டார்கள். பன்னிரண்டு பேருக்கும் இதே பதில்தான். பஸ்ரியன் பக்கத்தில் நின்று பப்படத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது ஆளுக்கு அவர், "நானும் அங்கதான் இருந்தனான், எழும்பி வரேல்லை" என்று தானாகச் சொன்னார். திரும்பி வரும்போதும் அவள் பின் சீற்றில்தான் இருந்தாள். ஆனால் வீட்டில் தேத்தண்ணீர் போட்டபோது இரண்டு கோப்பை போட்டாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டெபனி வந்தாள். வாசலில் நின்றபடியே, நிறைந்திருந்த கடையைப் பார்த்து, "றீற்றா அன்ரி, நான் தோயேல்லை! ஒன்பது நாள்!" என்று பெருமையாகக் கத்தினாள். அவளுக்குப் பின்னால், குளிர்ச் சட்டையோடு, அருள்நாயகி. கார் ஓடிக்கொண்டு வந்திருக்கிறாள் போலும். கலியாணத்துக்குப் பிறகு றீற்றாவோடு ஒரு சொல் கதைத்ததில்லை. வாசல் பக்கக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

றீற்றா வழக்கம்போல அரை மணித்தியாலம் கேள்வி கேட்டாள். உனக்கு வேண்டுமா, வேறு யாருக்காவதா?

"எனக்குத்தான். நேராக்க வேண்டாம். சுருள் இருக்கட்டும். கொஞ்சம் இளகினால் காலமை வேலைக்குப் போக முதல் சிக்கெடுக்கலாம். இப்ப நாப்பது நிமிசம் போகுது அன்ரி. டொக்டரிட்டையும் கேட்டனான்."

"வேண்டாமெண்டு தோணினால் எந்த நேரமும் சொல்லலாம். தலை உன்ரது."

ஒரு இழையில் போட்டுப் பார்த்தாள். வஸலின் பூசினாள். இளக்குவதற்கு எட்டு நிமிடம் காணும். ரைமரைத் திருகி வைத்தாள். பிடரியிலிருந்து தொடங்கி, தோலில் படாமல், தூரிகையால் வகிடு வகிடாகப் பூசிக்கொண்டு வந்தாள். பூசும்போதே பிறகு செய்ய வேண்டியதையும் சொன்னாள்: மூன்று நாளைக்குத் தோயாதே, சூடு காட்டாதே, படுக்கும்போது வழுக்கிற சீலையால் தலையைக் கட்டு, நுனிக்கு எண்ணெய் போடு, இரண்டரை மாதத்துக்கு முன் என்னிடம் வராதே, வந்தாலும் புதிதாய் முளைத்த இடத்துக்கு மட்டும்தான் போடுவேன், ஒருமுறை இளகின மயிரில் திரும்பப் போட்டால் அறும்.

ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"அன்ரி," என்றாள் ஸ்டெபனி, "இந்த இடத்தில... கொஞ்சமாய் எரியிற மாதிரி..."

வாசல் பக்கக் கதிரையில் அருள்நாயகி தலையை நிமிர்த்தினாள். வாய் திறந்தது. பழக்கதோசத்தில் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எல்லோருக்கும் தெரிந்தது. வாய் மூடிக்கொண்டது.

றீற்றா அதற்குள் கதிரையைத் தொட்டிப் பக்கம் திருப்பித் தலையைச் சாய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். ரைமர் இன்னும் மூன்று நிமிடம் காட்டியது. அதன் பக்கமே அவள் பார்க்கவில்லை.

"ஐ மீன், அவ்வளவு எரியேல்லை" என்றாள் ஸ்டெபனி, தண்ணீருக்குக் கீழே இருந்து. "நான் இன்னும் பொறுக்கலாம் அன்ரி. சொறி. பிறகு பிடிக்காமல் போயிடும்."

"பிடிக்காட்டிப் போகட்டும்" என்றாள் றீற்றா. வாசல் பக்கக் கதிரைவரை கேட்கிற குரலில்தான் சொன்னாள். "எரியுது எண்டு ஒருக்கால் சொன்னால் காணும்."

மருந்தை முறிக்கிற ஷாம்பூவை ஊற்றித் தேய்த்தாள். உள்ளே காரம் மிச்சமிருந்தால் அந்த நுரை றோசா நிறமாக வரும். முதல் நுரை றோசாவாக வந்தது. கழுவினாள். இரண்டாவதும் மெல்லிய றோசா. கழுவினாள். அருள்நாயகி எழும்பித் தொட்டியடிக்கு வந்து நின்று பார்த்தாள். றீற்றா அவளைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. நுரை வெள்ளையாக வரும்வரை கழுவிக்கொண்டே இருந்தாள்.